ஒருநபர் கம்பெனி: நாமினியாக மகளா, அண்ணனா?

ஈரோட்டுப் பொடிக்கடை:
வணக்கம். ஈரோட்டில் ஆறு வருடமாக மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். கம்பெனி பெயரில் பில் கொடுத்தால் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒரு வாடிக்கையாளர் சொல்கிறார். அதனால் ஓபிசி, அதாவது ஒரே உரிமையாளர் உள்ள ஒருநபர் கம்பெனி (OPC) பதியலாம் என்று இருக்கிறேன். கணவர் தவறிவிட்டார். எனக்கு ஏதாவது ஆனால் கம்பெனியை ஏற்க வேண்டிய நாமினியாக மகளைப் போட ஆசை, ஆனால் அவளுக்குத் தை மாதம்தான் 18 முடிகிறது. அவளை விட்டால் மஸ்கட்டில் இருக்கும் அண்ணன்தான். வெளிநாட்டில் இருப்பவரைப் போடவே முடியாது என்று ஆலோசகர் ஒருவர் சொல்லிவிட்டார். இன்னொன்று, தங்கையின் ஓபிசிக்கு நான் ஏற்கெனவே நாமினி. அது தடையாகுமா?

கம்பெனி_செக்ரட்டரி_கோவை:
அக்கா, மகளை இப்போது போட முடியாது. மைனர் உறுப்பினராகவும் (அதாவது உரிமையாளராகவும்) கூடாது, நாமினியாகவும் கூடாது. அண்ணனைத் தாராளமாகப் போடலாம். உங்கள் ஆலோசகர் சொன்னது பழைய விதி. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், எந்த நாட்டில் வசித்தாலும் சரி. அண்ணனிடம் இந்திய பாஸ்போர்ட்தானே இருக்கிறது? வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி, அப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருந்தால் ஆகாது.

தங்கை விஷயம் தடையில்லை. ஒருவர் ஒரு ஓபிசிக்குத்தான் உரிமையாளராக இருக்கலாம், ஒரு ஓபிசிக்குத்தான் நாமினியாக இருக்கலாம். உங்களுக்கு இரண்டும் ஒவ்வொன்றுதான். நாளைக்குத் தங்கையின் கம்பெனி உங்கள் கைக்கு வந்தால் மட்டும், 180 நாளுக்குள் இரண்டில் ஒன்றை விட வேண்டியிருக்கும்.

முதலீடு 50 லட்சமோ விற்பனை 2 கோடியோ தாண்டினால் கட்டாயம் பிரைவேட் லிமிடெட் ஆக்க வேண்டும் என்றும் யாராவது பயமுறுத்துவார்கள். அதுவும் அதே 2021-இல் போய்விட்டது.

கரூர்_அபுதாபி:
நான் அபுதாபியில் இருந்துகொண்டே ஓபிசி நடத்துகிறேன். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கலாம், ஆனால் டைரக்டர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். அதற்காகவே அம்மாவை டைரக்டர் ஆக்கினேன். உங்களுக்கு ஏதாவது ஆனால் கம்பெனி அண்ணனுக்குப் போகும், அவரோ மஸ்கட்டில். அதனால் மகளுக்கு 18 ஆனதும் அவளையும் டைரக்டராகச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருடா வருடம் ஆடிட் உண்டு. தனி உரிமைத் தொழிலில் இல்லாத செலவு இது, முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈரோட்டுப் பொடிக்கடை:
இருவருக்கும் நன்றி. அண்ணனிடம் இந்திய பாஸ்போர்ட்தான். நான் இருக்கும்வரை அவருக்குப் பங்கு எதுவும் போகாதே? பிறகு மகள் பெயருக்கு மாற்றலாமா?

கம்பெனி_செக்ரட்டரி_கோவை:
நீங்கள் இருக்கும்வரை அவருக்கு எந்த உரிமையும் வராது. நாமினியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதற்கு ஐஎன்சி-4 படிவம். இப்போது வேண்டியது ஐஎன்சி-3, அதாவது அண்ணனின் எழுத்துப்பூர்வ சம்மதம். அதோடு அவருடைய பான் அட்டையும் அடையாளச் சான்றும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஈரோட்டுப் பொடிக்கடை:
சரி தம்பி, இன்று ராத்திரியே அண்ணனிடம் பேசுகிறேன். தை பிறந்ததும் மகள் பெயரோடு மறுபடி வருகிறேன்.