பூ வைத்த கிரானி ஸ்கொயர் கிண்ணம் மாதிரி குழிகிறது, என்ன செய்யலாம்?

புளியரை ஊஞ்சல்:
வணக்கம். வீட்டு ஊஞ்சல் பலகைக்கு 16 அங்குலக் குஷன் உறை ஒன்று குரோஷாவில் போட்டுக்கொண்டிருக்கிறேன். நடுவில் பூ, சுற்றிலும் வெள்ளை ஓரம் என்று வருமே, அந்தக் கிரானி ஸ்கொயர்தான். ஒவ்வொன்றும் 5 அங்குலம், குஷனின் ஒரு முகத்துக்கு மும்மூன்றாக 9 வேண்டும். நூல் 4 பிளை உல்லன், அக்ரிலிக்தான். ஊசி 3.5 மி.மீ.

பூ நன்றாக வருகிறது. ஆனால் மேசையில் வைத்தால் படியவே மாட்டேன் என்கிறது. நடு குழிந்து, நான்கு ஓரமும் எழும்பி நிற்கிறது. நான் போடுவது இப்படி:

மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில், 12 டபுள் குரோஷே. அடுத்த சுற்றில் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு பஃப் (உப்பலாக நிற்கும் தையல்), நடுவில் ஒரு செயின் (சங்கிலிக் கண்ணி). மூன்றாவது சுற்றில் ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்று டபுளைச் சேர்த்து முடிக்கும் கிளஸ்டர், நடுவில் ஒரு செயின். நான்காவதில் சதுரமாக்குகிறேன்: மூலைக்கு 3 டபுள், 2 செயின், 3 டபுள்; இரண்டு மூலைக்கு நடுவே மும்மூன்று டபுளாக இரண்டு கொத்து. ஐந்தாவது சுற்று வெறும் ஓரம்.

சூடாக அயர்ன் போட்டால் படிந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போடலாமா?

சித்தூர் நூல்கண்டு:
ஐயோ, அயர்ன் வைத்துவிடாதீர்கள். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் குடும்பம். சூடு நேராகப் பட்டால் இழை உருகிப் பளபளவென்று தட்டையாகிவிடும், பஃப் எல்லாம் செத்துவிடும். திரும்ப எழுப்பவே முடியாது.

எனக்குத் தோன்றுவது, உங்கள் கை இறுக்கம். 4 மி.மீ. ஊசியில் ஒன்று போட்டுப் பாருங்களேன். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வோம்.

கம்பம்மெட்டு:
பிரிட்டிஷ் புத்தகத்தைப் பார்த்தா போடுகிறீர்கள்? அவர்கள் டிரெபிள் என்பது அமெரிக்கக்காரர்களின் டபுள். தெரியாமல் அமெரிக்க டிரெபிள் போட்டால் தையல் உயரமாகி இப்படித்தான் குழியும்.

புளியரை ஊஞ்சல்:
புத்தகம் இல்லை அண்ணா, வீடியோதான். ஊசியில் ஒரு தடவை நூலைச் சுற்றி எடுக்கிற சாதாரண டபுள். சித்தூர் அக்கா, 4 மி.மீ.யில் போட்டேன். சதுரம் பெரிதானது, குழி அப்படியே இருக்கிறது.

மூலச்சல் டீச்சர்:
ஊசியை மாற்றினால் சின்னக் கிண்ணம் பெரிய கிண்ணமாகும், அவ்வளவுதான் மக்களே. இது கை இறுக்கமில்லை, கணக்கு.

வட்டம் தட்டையாகப் படிய வேண்டுமானால் சுற்றுக்குச் சுற்று அதன் சுற்றளவு வளர வேண்டும். எவ்வளவு வளர வேண்டும் என்பதை அந்தச் சுற்றுத் தையலின் உயரம்தான் முடிவு செய்யும். சிங்கிள் குரோஷேக்குச் சுற்றுக்கு 6 கூடினால் போதும். டபுள் அதைவிட உயரம், அதற்கு ஏறக்குறைய 12. ஆக முதல் சுற்றில் 12, இரண்டாவதில் 24, மூன்றாவதில் 36 தையல் அகலம் வேண்டும்.

இப்போது நீ போட்டதை எண்ணு. முதல் சுற்று 12, சரி. இரண்டாவதில் 12 பஃப், 12 செயின், மொத்தம் 24. அதுவும் சரி. மூன்றாவதில் 12 கிளஸ்டர், 12 செயின். கிளஸ்டருக்குக் கால் மூன்று இருந்தாலும் தலை ஒன்றுதானே? அங்கேயும் 24தான் வருகிறது. 36 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தால் ஓரம் உள்ளே இழுக்காமல் என்ன செய்யும்? மூன்றாவது சுற்றில் கிளஸ்டருக்கு நடுவே இரண்டு செயின் போடு.

இன்னொன்று கேட்கிறேன். பஃப்பும் கிளஸ்டரும் முடிந்ததும் வாயைக் கட்ட ஒரு செயின் இழுப்போமில்லையா, அதை இடைவெளிச் செயினாக எண்ணுகிறாயா?

புளியரை ஊஞ்சல்:
ஆமாம் டீச்சர். வீடியோவில் அந்தப் பெண் ‘செயின் ஒன்று’ என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விடுகிறார். இரண்டு சுற்றிலும் அந்தச் செயின்தான் இடைவெளி என்று நினைத்தேன்.

மூலச்சல் டீச்சர்:
அப்படியென்றால் இரண்டாவது சுற்றிலேயே இடைவெளி இல்லை. வாய் கட்டும் செயின் பஃப்பின் தலைமேல் உட்காரும், அகலத்தில் சேராது. அதைப் போட்டபின் இரண்டாவது சுற்றுக்குத் தனியாக ஒன்று, மூன்றாவதுக்குத் தனியாக இரண்டு. வீடியோக்காரர்கள் பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை. அவர்கள் கை தளர்வு, செயினும் நீளமாக வரும், அதனால் அவர்களுக்குப் படிந்துவிடும்.

எப்போதும் ஒரு சுற்று முடிந்ததும் மேசையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார். ஓரம் எழும்பினால் தையல் போதவில்லை, அலை அலையாக நெளிந்தால் கூடிவிட்டது. எந்தச் சுற்றில் ஆரம்பிக்கிறதோ அங்கேயே நிறுத்து. கடைசி ஓரத்தில் கூட்டிக் குறைத்து நடுவைச் சரிசெய்ய முடியாது.

சித்தூர் நூல்கண்டு:
டீச்சர் சொன்னது சரிதான், ஊசி யோசனையை வாபஸ் வாங்குகிறேன். 3.5க்கே திரும்பிவிடுங்கள். 4 பிளைக்கு அது கெட்டியாக நிற்கும், ஊஞ்சலில் உட்கார்ந்து எழும்பும்போது தொளதொளக்காது.

புளியரை ஊஞ்சல்:
படிந்துவிட்டது! கையை எடுத்தாலும் அப்படியே கிடக்கிறது. டீச்சருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் வேறு இரண்டு தொல்லை. சில சதுரங்களில் ஒரு பக்கம் மட்டும் நீண்டு சாய்சதுரம் போல வருகிறது. அப்புறம், எல்லாச் சதுரமும் லேசாக ஒரே திசையில் முறுக்கிக்கொள்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற ரயிலில்தான் நான் போடுவது. ஆரியங்காவுக்கு முன்னால் குகை வந்தால் எண்ணிக்கை போய்விடுகிறது, அதனாலா?

கம்பம்மெட்டு:
அந்தப் பாதையில் 13 கண் பாலத்தைப் பார்க்காமல் குரோஷா போடுகிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மூலச்சல் டீச்சர்:
குகைமேல் பழி போடாதே. அந்த நீண்ட சதுரத்தில் மூன்றாவது சுற்றின் இடைவெளிகளை எண்ணு, 13 இருக்கும். நான்கு மூலை, பக்கத்துக்கு இரண்டாக எட்டுக் கொத்து, மொத்தம் 12 இடைவெளிதான் வேண்டும். 13வது எங்கிருந்து வருகிறது தெரியுமா? சுற்றை முடிக்க ஸ்லிப் ஸ்டிச் போடுகிற இடத்தில் பொய்யாக ஒரு சின்ன ஓட்டை தெரியும். பழகாத கண்ணுக்கு அதுவும் இடைவெளி மாதிரியே இருக்கும். சுற்றின் முதல் தையலில் வேறு நிறத்தில் ஒரு துண்டு நூலைக் கோத்து வை. அது வந்ததும் நிறுத்து, குகைக்குள்ளும் விரல் கண்டுபிடித்துவிடும்.

முறுக்குக்கு மருந்து எளிது. குரோஷாத் தையலின் தலை அதன் காலுக்கு நேர் மேலே உட்காராது, ஒரு பக்கம் தள்ளியே உட்காரும். எல்லாச் சுற்றையும் ஒரே முகத்தில் போட்டுக்கொண்டே போனால் அந்தத் தள்ளல் சேர்ந்து சேர்ந்து முறுக்காகிவிடும். சதுரமான பிறகு வரும் சுற்றுகளை ஒன்றுவிட்டு ஒன்று திருப்பிப் போடு. பூச் சுற்றுகளைத் திருப்பாதே, பூவின் முகம் கெட்டுவிடும்.

புளியரை ஊஞ்சல்:
எண்ணினேன், 13தான்! சரி, ஒன்று 5 அங்குலம், இன்னொன்று கால் அங்குலம் குறைவு என்று வருகிறதே, அதை இழுத்துச் சமன் செய்யலாமா?

மூலச்சல் டீச்சர்:
கால் அங்குலம் என்றால் தாராளமாக. தெர்மோகோல் பலகையில் 5 அங்குலச் சதுரம் பென்சிலால் வரைந்து, சதுரத்தை அதன்மேல் வைத்து மூலைக்கு ஒன்று, பக்கத்துக்கு மூன்று என்று குண்டூசி குத்து. அயர்ன் பெட்டியை மேலே படாமல் தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டு. ஆறிய பிறகு எடு. பருத்தி நூலாக இருந்தால் ஆவிக்குப் பதில் நனைத்துக் குத்திக் காயவிட வேண்டும்.

குண்டூசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். வெள்ளை ஓரத்தில் துருப்பட்டால் போகாது. எங்கள் பக்கம் லேஸ் பழைய கைவேலை. முளகுமூட்டில் 1897இல் பெல்ஜியத்திலிருந்து கன்னியர்கள் வந்தார்கள். நாகர்கோவிலில் அதற்கும் வெகு முன்பே லண்டன் மிஷன்காரர்கள் லேஸ் கற்றுக்கொடுத்திருந்தார்கள். என் பாட்டி தலையணையில் குண்டூசி குத்தி லேஸ் போட்டவள். அவள் டப்பாவில் இருந்தது அத்தனையும் பித்தளைக் குண்டூசி. ஈரக் காற்றடிக்கிற ஊரில் இரும்பு ஊசி ஆகாது என்பாள். நான் இன்னும் அதைத்தான் குத்துகிறேன்.

வெள்ளறடை அத்தை:
சிவப்புப் பூ என்றால் சாயம் வெள்ளையில் இறங்கும். வினிகரும் உப்பும் கலந்த தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள், சாயம் கட்டிவிடும்.

சித்தூர் நூல்கண்டு:
அத்தை, மன்னிக்கணும். ஏற்கெனவே சாயம் ஏற்றிக் கடைக்கு வந்த நூலை வினிகரோ உப்போ கட்டாது, மூக்கைத் துளைப்பதுதான் மிச்சம். சிவப்பு நூலில் ஒரு முழம் எடுத்து நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்க வேண்டாம். அக்ரிலிக்கில் பெரும்பாலும் ஒட்டாது, பயம் பருத்திக்குத்தான்.

வெள்ளறடை அத்தை:
எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக வினிகர்தான். சரி, உங்கள் இஷ்டம்.

புளியரை ஊஞ்சல்:
இனி இணைப்பதுதான். சிங்கிள் குரோஷேயில் இணைத்தால் மேலே வரம்பு மாதிரி எழும்புகிறதே?

சித்தூர் நூல்கண்டு:
சுவரில் தொங்கவிடுவதற்கு அந்த வரம்பு அழகு. உட்காருகிற குஷனுக்கு வேண்டாம், தொடையில் அச்சு விழும். இரண்டு சதுரத்தையும் முகம் மேலே தெரியப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உல்லன் ஊசியால் இரண்டு ஓரத்தின் வெளி லூப்பை மட்டும் எடுத்துத் தைத்துக்கொண்டே போங்கள். தட்டையாக வரும். நூல் முனையை ஆறு அங்குலமாவது விட்டுவைத்து, ஒரு திசையில் செருகி, திரும்பி வந்து, மறுபடியும் அதே திசையில் செருகுங்கள். அக்ரிலிக் வழுக்கும், ஒரே திசையில் செருகினால் இரண்டு துவையலில் வால் வெளியே வந்துவிடும்.

புளியரை ஊஞ்சல்:
கடைசியாக ஒன்று. பழைய குழிச் சதுரங்களை என்ன செய்ய? பிரித்தால் நூலெல்லாம் சுருண்டு சுருண்டு வருகிறது.

மூலச்சல் டீச்சர்:
முழுதும் பிரிக்காதே. குரோஷா வெளியிலிருந்து உள்ளேதான் பிரியும். முதல் சுற்றை மட்டும் மிச்சம் வை, இரண்டாவதிலிருந்து புதுக் கணக்கில் போடு. சுருண்ட நூலைச் சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் நேராகும்.

வெள்ளை குறைந்தால் இப்போதே வாங்கிவிடு. லேபிளில் லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கான எண், பார்த்து வாங்கு, லாட் மாறினால் வெள்ளையிலேயே இரண்டு வெள்ளை தெரியும்.

புளியரை ஊஞ்சல்:
தொங்கவிட்டாயிற்று டீச்சர். இங்கே சாரல் பிடித்துக்கொண்டது. அது காய்வதற்குள் புது உருண்டையில் பாதிக் குஷனைப் போட்டு முடித்துவிடுவேன்.