ரிட்ஜ் ரேசர் லோடு ஆகல, ப்ளீஸ் ஹெல்ப்

வெட்டிப்பய27: ரிட்ஜ் ரேசர்னு பழைய பிளேஸ்டேஷன் 1 கார் ரேஸ் கேம், எமுலேட்டர்ல (பழைய கன்சோல் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்) லோடே ஆக மாட்டேங்குது. போன வாரம் வரைக்கும் நல்லா ஓடிச்சு. எல்லா செட்டிங்கும் மாத்திப் பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை சித்தப்பா வர்றாரு, அவரோட பழைய டிஸ்க், போட்டுக் காட்டணும். அவசரம்!!

டப்பா பிசி: எந்த எமுலேட்டர்? பிசியா மொபைலா? எரர்ல என்ன எழுதியிருக்கு? இதெல்லாம் நாங்க கனவுலயா பாக்குறது ப்ரோ?

பயாஸ் பாண்டி: பயாஸ் போயிடுச்சு, அதான் கன்சோல ஸ்டார்ட் பண்ற ஃபைல். சைஸ் பாருங்க. பிஎஸ்1 பயாஸ் கரெக்டா 512 கேபி, அதாவது 5,24,288 பைட் இருக்கணும். கொறஞ்சா குப்பை.

மூத்த குடி: மாசம் நாலு பேர் இதையே கேக்குறீங்க. தேடுற பெட்டி மேலதான இருக்கு? 2009ல நாங்கல்லாம் ஒரு ப்ளகின் செட் பண்ண ராத்திரி முழுக்க உக்காந்தோம்.

வெட்டிப்பய27: சாரிண்ணா. எமுலேட்டர் டக்ஸ்டேஷன், பிசில விண்டோஸ் 11. மத்த கேம்லாம் ஓடுது.

டப்பா பிசி: மத்தது ஓடுதுன்னா பிரச்சனை பயாஸ்ல இல்ல பாண்டி.

பயாஸ் பாண்டி: வேற ரீஜன், அதாவது வேற நாட்டுக் கன்சோலோட பயாஸா இருக்கலாம்ல.

வெட்டிப்பய27: இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். டிஸ்க்கோட காப்பி பின் (.bin), கியூ (.cue)ன்னு ரெண்டு ஃபைலா இருக்கு. கியூ ஃபைல கிளிக் பண்ணாதான் எரர். பின் ஃபைல நேரா தெறந்தா ரேஸ் ஓடுது, ஆனா பாட்டு வரல.

சாலிகிராமம் சாம்: அத முதல்லயே சொல்லக் கூடாதாப்பா! பேர் ஏதாவது மாத்துனியா? கியூவ நோட்பேட்ல தெற. முதல் வரில மேற்கோள் குறிக்குள்ள ஒரு ஃபைல் பேர் இருக்கும். உன் பின் ஃபைல் பேரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். அதுக்குக் கீழ ட்ராக் எங்க ஆரம்பிக்குதுன்னு நிமிஷம், நொடி இருக்கும். அந்தக் கேம்ல பாட்டெல்லாம் சாதா ஆடியோ சிடி மாதிரி தனித்தனி ட்ராக். பின் ஃபைல மட்டும் தெறந்தா ட்ராக் எங்க இருக்குன்னு எமுலேட்டருக்கு எப்படித் தெரியும்?

கறுப்பு வட்டு: 1994 டிசம்பர் 3, ஜப்பான்ல கன்சோலோடயே வந்த கேம்! முழுசா கன்சோல் மெமரில (ராம்) ஏறிடும். டிஸ்க்க வெளிய எடுத்துட்டு நம்ம ஆடியோ சிடியப் போட்டா அந்தப் பாட்டுலயே ரேஸ் ஓட்டலாம். எங்க ஏரியா கேம் கடைல தேவா பாட்டுக்குத்தான் கார் ஓடும்.

பயாஸ் பாண்டி: ஒரிஜினல் டிஸ்க் அடியில கறுப்பா இருக்குமே, அது காப்பி அடிக்க முடியாமப் பண்ணத்தான?

மூத்த குடி: கறுப்பு சும்மா கலர் தம்பி. வட்டோட உள்பக்கத் தடம் லேசா நெளியும். அந்த நெளிவுல ரீஜனுக்கு ஒரு நாலெழுத்து இருக்கும். அது இல்லேன்னா கன்சோல் டிஸ்க்க ஏத்துக்காது. வீட்டு சிடி ரைட்டரால அத எழுத முடியாது. அதுக்குத்தான் கன்சோலுக்குள்ள மோட் சிப்னு ஒரு சின்ன சிப் வெப்பாங்க. அந்த நாலெழுத்தக் கன்சோலுக்கு அதுவே சொல்லிடும்.

கறுப்பு வட்டு: எங்க கடைக்காரர் சிப்பே போடல, கன்சோலக் கவுத்து வெப்பாரு. காப்பி டிஸ்க்கும் ஓடிச்சு.

மூத்த குடி: கவுத்து வெக்கிறது லென்ஸ் போற பிளாஸ்டிக் தடம் தேஞ்சதுக்கு. காப்பி டிஸ்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

கறுப்பு வட்டு: நான் கண்ணால பாத்தேன்.

மூத்த குடி: அவர் சிப்பு போட்டத நீங்க பாக்கல, அவ்ளோதான்.

வெட்டிப்பய27: ஓடுது!!! ஃபோல்டர் சுத்தம் பண்றேன்னு பின் ஃபைல் பேர 'சித்தப்பா கேம்'னு மாத்திருக்கேன், அதான் கோளாறு. தேங்க்ஸ் சாம்ணா.

பயாஸ் பாண்டி: எதுக்கும் பயாஸ் சைஸ் ஒரு தடவை பாத்துக்கோங்க.