மறு: ஸ்டால் – 'திணறல்' வேண்டாம், 'பிடியிழப்பு' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விமானப் பயிற்சிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் தனிப்பறப்பு, சுற்று, மறுசுற்று மூன்றும் முடிவாகிவிட்டன. பயிற்றுநர் இறங்கிக்கொள்ள, மாணவர் முதன்முறை ஒற்றை ஆளாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவதைத் தனிப்பறப்பு என்றால் யாருக்கும் விளங்கும். அதைத் திரும்பக் கிளற வேண்டாம். இடிப்பது ஸ்டால்தான் (stall), அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சரிவது.

நம் குழுமத்துத் தருமபுரி ஆசிரியர் இதற்குத் 'திணறல்' என்று எழுதியிருந்தார். சொல் அழகுதான். ஆனால் இங்கே ஓசூரில் யாரிடமாவது 'விமானம் திணறியது' என்று சொல்லிப் பாருங்கள், 'ஏன், எஞ்சின்ல கோளாறா?' என்றுதான் கேட்பார்கள். பாதிப் பேர் ஏதாவது ஒரு பட்டறையிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிற ஊர் இது. திணறல் என்றால் டீசல் அடைப்புதான் நினைவுக்கு வரும். ஸ்டாலுக்கும் எஞ்சினுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. 2009-இல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447, எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாலில் சிக்கி, மூன்றரை நிமிடம்போலக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. 228 பேர் போனார்கள்.

'வேகவிழப்பு' என்ற யோசனை இன்னும் ஆபத்து. வேகம் குறைந்தால்தான் ஸ்டால் என்று மாணவர் மனதில் பதிந்துவிடும். உண்மையில் கணக்கு கோணத்தில் இருக்கிறது. எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள தாக்குகோணம், சிறிய பயிற்சி விமானங்களில் ஏறக்குறைய 15, 16 பாகையைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. தூக்குவிசை சட்டென்று சரிகிறது. இது எந்த வேகத்திலும் நடக்கும். செஸ்னா 172-இன் ஒரு வகையில், இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளை (flaps) இறக்காமல் நேராகப் பறக்கும்போது 48 நாட் (knot, விமான வேக அளவு) வேகத்தில் ஸ்டால் வரும். அதே விமானத்தை 45 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் 57-இலேயே வந்துவிடும். 60 பாகை என்றால் 68. ஓடுதளத்தை நோக்கி வரும் கடைசித் திருப்பத்தில், தாழ்வாக, 65 நாட் வேகத்தை ஒட்டிப் பறந்துகொண்டு, ஓடுதளம் தப்புகிறதே என்று சாய்வைக் கூட்டி இழுக்கிறவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். தனிப்பறப்புக்கு அனுப்பும் முன் ஸ்டாலைப் போட்டுப் போட்டுப் பழக்குவது இதற்காகத்தான்.

'தூக்கிழப்பு' அறிவியல்படி சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகமாகச் சொன்னால் தூக்கமிழப்பு மாதிரி காதில் விழுகிறது. 'ஏற்றமிழப்பு' என்றால் விமானம் மேலே ஏறுவதையும் ஏற்றம் என்றுதானே சொல்கிறோம், இரண்டும் குழம்பும். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கோ ஏற்றம் என்றால் கிணற்றடிதான்.

என் முன்மொழிவு: காற்றுப்பிடியிழப்பு; முதல் தடவைக்குப் பின் வெறும் பிடியிழப்பு. தொப்பூர்க் கணவாயில் மழை நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். எஞ்சின் ஓடும், சக்கரமும் சுற்றும், ஆனால் டயருக்கு ரோட்டில் பிடி இருக்காது. இறக்கைக்கும் காற்றுக்கும் நடுவில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். வினையாக்கவும் வசதி: 'இடது இறக்கை பிடி விட்டது' என்று சாதாரணமாகச் சொல்லலாம். பிடியிழப்பு வேகம், பிடியிழப்பு எச்சரிக்கை, பிடிமீட்பு என்று கிளைச்சொற்களும் முறுக்காமல் வருகின்றன.

பயிற்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் சொன்னதை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: 'எஞ்சின் விசையைக் குறைத்து, உயரம் இறங்காமல் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை மெல்ல இழுத்துக்கொண்டே வருக. மூக்கு மேலேறி முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரியும். காற்றின் இரைச்சல் அடங்கும். இடது இறக்கையின் முன்விளிம்புத் துளையிலிருந்து வரும் பிடியிழப்பு எச்சரிக்கை ஊதல் முதலில் மெலிதாக, பிறகு விடாமல் கேட்கும். உடல் அதிரும், மூக்கு தானாகச் சரியும். இப்போது இழுக்காதே. முன்னால் தள்ளு, இறக்கை பிடித்துக்கொள்ளும். முழு விசை கொடு. ஒரு பக்கம் சாய்ந்தால் சக்கரத்தைத் திருப்பாமல் சுக்கான் மிதியால் (rudder pedal) நிறுத்து.'

'இறக்கை பிடித்துக்கொள்ளும்' என்ற இடத்தைக் கவனியுங்கள். தரை எதிரே தெரியும்போது யாருக்கும் இழுக்கத்தான் கை போகும். போனது பிடி என்று தெரிந்தால், தள்ளுவது எதற்கென்றும் தெரிந்துவிடும். 'திணறல்' அந்த வேலையைச் செய்யாது.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன்: பிடி என்றால் கைப்பிடியையும் நினைப்பார்கள். அதனால்தான் முதல் தடவை 'காற்று' சேர்த்தே எழுதச் சொல்கிறேன். அப்புறம், சுழன்றுகொண்டே விழும் ஸ்பின்னையும் இதோடு கோக்க வேண்டாம். அது தனி இழையில் வரட்டும். 'சுழல்வீழ்ச்சி' என்று ஒன்று வைத்திருக்கிறேன், அவ்வளவாகத் திருப்தி இல்லை.