மகனுக்கு 126, அண்ணன் மகளுக்கு 142: ஐக்யூ ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

பட்டர்வொர்த் அம்மா:
வணக்கம். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. போன மாதம் ஜார்ஜ்டவுனில் ஓர் உளவியலாளரிடம் வெக்ஸ்லர் என்ற ஐக்யூ சோதனை எழுத வைத்தோம், மொத்தம் 126 வந்தது. கோலாலம்பூரில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு வேறொரு சோதனையில் 142, ஐக்யூ அதிகம் உள்ளவர்களின் சங்கமான மென்சாவில் சேரப் போகிறாள் என்று குடும்ப வாட்ஸ்அப் முழுக்க வாழ்த்து. அதைப் பார்த்துவிட்டு இவன், “அம்மா, நான் 16 மார்க் கம்மியா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். மென்சாவுக்குச் சிலர் 130 என்கிறார்கள், சிலர் 148 என்கிறார்கள். எது சரி?

செந்தூல் வாத்தியார்:
இரண்டும் சரிதான் அக்கா. ஐக்யூ பரீட்சை மார்க் இல்லை, தன் வயதுக்காரர்கள் நடுவே ஒருவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று காட்டும் எண். சராசரி எப்போதும் 100. ஆனால் திட்ட விலக்கம், அதாவது ஒரு படியின் உயரம், சோதனைக்குச் சோதனை மாறும்: வெக்ஸ்லரில் 15, கேட்டெல் 3பி-யில் 24. மென்சா கேட்பது மேல் 2 விழுக்காட்டுக்குள் வர வேண்டும் என்பதை. அது சராசரியிலிருந்து ஏறக்குறைய இரண்டு படி மேலே, வெக்ஸ்லரில் 130, கேட்டெலில் 148. அண்ணன் மகள் எழுதியது கேட்டெல் என்றால் 42-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.75 படி. உங்கள் பையன் 26-ஐ 15-ஆல் வகுத்தால் 1.73. இருவரும் ஒரே இடம்தான், நூறு பேரில் ஏறக்குறைய 96 பேரைத் தாண்டியவர்கள்!

பட்டர்வொர்த் அம்மா:
ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கேட்டெல் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் அவளுக்கும் மென்சா கிடைக்காதே, அண்ணனிடம் எப்படிச் சொல்வேன்?

பாயான் லெப்பாஸ் கலா:
அவள் வேறொரு சோதனை எழுதிப் பார்க்கலாம், ஆனால் மேற்பார்வையோடு எழுதியதாக இருக்க வேண்டும், இணையத்தில் தட்டிப் பார்க்கும் சோதனைகளை மென்சா ஏற்காது. நான் சொல்ல வந்தது பையனைப் பற்றி. மொத்த எண்ணை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் ஐந்து பிரிவுகளைப் பாருங்கள்: சொல் புரிதல், காட்சி-இடம், புதுச் சிக்கல் தீர்ப்பது, செயல் நினைவு, வேகம். சோதனை எந்த மொழியில் நடந்தது? வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டால் அந்த ஒரு பிரிவு மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். அப்புறம், 126-க்குப் பக்கத்தில், உண்மையான எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று ஒரு வரம்பும் போட்டிருப்பார்கள், அதையும் படியுங்கள். உடனே மறுபடி எழுத வைக்காதீர்கள், கேள்விகள் பழகியதாலேயே எண் ஏறும்.

பட்டர்வொர்த் அம்மா:
ஆங்கிலத்தில்தான் நடந்தது. சொல் புரிதல் 108, காட்சி-இடம் 135. வரம்பு 119 முதல் 131 வரை. இரண்டு வகுத்தல் கணக்கையும் அவனையே போடச் சொன்னேன். 1.75, 1.73 என்று எழுதிவிட்டு, “0.02 தானா?” என்று கேட்டுக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உளவியலாளரிடம் மொழி பற்றிக் கேட்க வெள்ளிக்கிழமை போகிறோம். இருவருக்கும் நன்றி.