திருகு வேகத்தைக் கூட்டியும் நைலான்–பாலிப்ரொப்பிலீன் கலவையின் வலிமை ஏன் குறைகிறது?

கேள்வி:
நைலான் 6 எழுபது பங்கு, பாலிப்ரொப்பிலீன் முப்பது பங்கு. ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (இரண்டு திருகுகள் சுழன்று பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் இயந்திரம்) 240 டிகிரி செல்சியஸ் வைத்து ஓட்டுகிறேன். 200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 200 சுற்று) எடுத்ததை விட 400-இல் எடுத்தது உறுதியாக இருக்கும் என்று நம்பினேன், ஆனால் இழுத்துப் பார்த்தால் முன்பை விடச் சீக்கிரம் அறுந்துவிடுகிறது, மோல்டு செய்த துண்டின் மேல்பகுதி தாள் தாளாக உரிகிறது. வேகம் கூடினால் நைலானுக்குள் பரவிய பாலிப்ரொப்பிலீன் துளிகள் சிறிதாகி வலிமை ஏற வேண்டாமா?

பதில் 1:
உடைவது பாதிக் கதைதான். உடைந்த துளிகள் ஒன்றோடொன்று மோதித் திரும்பவும் சேர்ந்துவிடும், 30 சதவீதம் இருக்கும்போது இது நிறையவே நடக்கும். கம்பேட்டிபிலைசர் (ஒன்றோடொன்று சேராத பிளாஸ்டிக்குகளை இணைக்கும் பொருள்) ஏதும் சேர்த்ததாக நீங்கள் சொல்லவில்லை. மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீனைக் கொஞ்சம் சேருங்கள். அது நைலானின் அமீன் முனைகளோடு வினைபுரிந்து இரண்டுக்கும் நடுவே எல்லையிலேயே பிணைப்பை உண்டாக்கும், துளிகள் ஒட்டிச் சேர்வதும் குறையும். அது இல்லாமல் வேகத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பேன்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் 240 என்பது பேரலுக்கு (திருகுகள் சுழலும் உருளைக்கு) நீங்கள் வைத்த அளவு, உருகலின் வெப்பநிலை அல்ல. வேகம் கூடும்போது உராய்வுச் சூட்டில் உருகல் அதைத் தாண்டிப் போகும். பாலிப்ரொப்பிலீன் சங்கிலிகள் அறுந்து பாகுத்தன்மை சரியும், அப்போது இரண்டின் பாகுத்தன்மை விகிதமே மாறி, துளிகள் உடையும் விதமும் மாறிவிடும். டையில் (உருகல் வெளியேறும் வாயில்) வெளியே வருவதை வெப்பநிலை ப்ரோப் வைத்து அளந்து பாருங்கள். அப்புறம், நைலானை நன்றாக உலர்த்தினீர்களா? ஈரம் இருந்தால் உருகலில் நீராற்பகுப்பு (நீர் சங்கிலியை வெட்டுவது) நடந்து அதன் சங்கிலியும் குறுகும்.

பதில் 3:
உரிவதற்குக் காரணத்தை மோல்டிங்கிலும் தேடுங்கள். அச்சின் சுவரை ஒட்டி நறுக்குவிசை (அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கச் செய்யும் விசை) அதிகம், அங்கே துளிகள் இழுபட்டுத் தட்டையாகி அப்படியே உறைந்துவிடும். நடுவில் மெதுவாக ஆறுவதால் அவை உருண்டையாகவும் பெரிதாகவும் இருக்கும். அதனால் நடுப்பகுதியை மட்டும் படம் எடுத்து முடிவுக்கு வராதீர்கள். திரவ நைட்ரஜனில் உடைத்து, சூடான சைலீனில் பாலிப்ரொப்பிலீனைக் கரைத்துவிட்டு, தோல் (மேற்பரப்பு அடுக்கு), நடு இரண்டையும் ஓட்டத் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள்.

கேட்டவர்:
நான் நடுப்பகுதியை மட்டும்தான் பார்த்திருந்தேன், அதுவும் குறுக்குவெட்டில். உருகல் வெப்பநிலையை இன்று அளந்தேன், 400 ஆர்பிஎம்மில் 268 காட்டுகிறது. கம்பேட்டிபிலைசர் சேர்த்து 250 ஆர்பிஎம்மில் ஒரு தொகுதி ஓட்டிவிட்டுத் தோல், நடு இரண்டின் படங்களோடும் வருகிறேன்.