வாராவாரம் ஓட்டியும் இபி போனபோது ஜெனரேட்டர் நின்றுவிட்டது, எங்கே பார்க்கணும்?

டெல்டா மேனேஜர்:
பட்டுக்கோட்டைப் பக்கம் 20 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கிறேன். 62.5 கேவிஏ டீசல் செட், கரண்ட் போனால் தானாக ஸ்டார்ட் செய்யும் ஏஎம்எஃப் பேனலோடு. சனிக்கிழமைதோறும் வாட்ச்மேன் அண்ணன் லோடு கொடுக்காமல் பத்து நிமிஷம் ஓட்டி நோட்டில் எழுதி வைப்பார். போன வாரம் இபி போனது. செட் ஸ்டார்ட் ஆகி லோடும் எடுத்தது, கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. பிரசவ வார்டை இன்வெர்ட்டரில் சமாளித்தோம். சைலன்சர் ஜாயின்ட்டில் கறுப்பாகப் பிசுக்கு வழிகிறது. சர்வீஸ் ஆள் இன்ஜினை இறக்கணும் என்கிறார். அதற்கு முன் நாங்களே எதைப் பார்க்கலாம்?

திருச்சி டீசல் மெக்கானிக்:
சார், முதல்ல ஒண்ணு சொல்லுங்க. டக்குனு நின்னு பேனல்ல சிவப்பு லைட் எரிஞ்சுதா, இல்ல சத்தம் ஏறி இறங்கி, லைட் மங்கி, இழுத்து இழுத்து நின்னுச்சா? டக்குனு நின்னா ஆயில் பிரஷரோ தண்ணிச் சூடோ பார்த்து சேஃப்டி நிறுத்தியிருக்கும். இழுத்து நின்னா டீசல் வரல. இன்ஜினை இறக்குறதெல்லாம் அப்புறம்.

அந்தப் பிசுக்கு, லோடு இல்லாம ஓட்டினதால வந்தது. சும்மா ஓடுறப்ப சிலிண்டர் போதுமான அளவு சூடாகாது, டீசல் முழுசா எரியாது. எரியாத டீசலும் கரியும் ஆயிலும் சேர்ந்து சைலன்சர்ல படியும், டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் முனையில ஒட்டும். வாட்ச்மேன் மேல குறை சொல்லாதீங்க. சொன்ன வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கார், சொல்லிக் கொடுத்ததுதான் சரியில்லை.

62.5 கேவிஏன்னா 50 கிலோவாட். அதுல 30 சதவீதம், 15 கிலோவாட்டாவது ஏத்தி, மாசம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டுங்க. கிளாம்ப் மீட்டர்ல ஃபேஸுக்கு 26 ஆம்ப்ஸ் பக்கம் காட்டணும். காட்டலையா, ஏசி, தண்ணி மோட்டார், ஆட்டோகிளேவ் எல்லாத்தையும் போடுங்க. ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தா பாதி சோதனைதான். பேனலை ஆட்டோவுல வெச்சு இபி மெயினை ஆஃப் பண்ணுங்க. பேட்டரி, பேனல், லோடை செட்டுக்கு மாத்துற கான்டாக்டர் மூணும் சேர்ந்து வேலை செய்யுதான்னு அப்பத்தான் தெரியும். ஆபரேஷன் இல்லாத நேரமா இருக்கணும், லிஃப்ட்ல யாரும் இருக்கக் கூடாது.

மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினல்ல வெச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. சும்மா இருக்கிறப்ப 12.6 காட்டுற பேட்டரி, அடிக்கிறப்ப 9.6க்குக் கீழ விழுந்தா மாத்திடுங்க.

அடுத்தது டீசல். செட் நிக்கிறப்ப, டீசல்ல இருக்குற தண்ணியைப் பிரிக்கிற வாட்டர் செபரேட்டர் அடியில இருக்குற திருகைத் தளர்த்தி, வர்றதைக் கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. அசையாம வெச்சா தண்ணி அடியில நிக்கும். அதுக்கும் டீசலுக்கும் நடுவுல கோழை மாதிரி பழுப்பா ஒரு படலம் நின்னா, டேங்க்ல பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்திருக்கு. ஃபில்டரை அடைக்கிறது அதுதான். சும்மா ஓடுறப்ப கொஞ்சம் டீசல் போதும். லோடு ஏறினாத்தான் அடைப்பு வெளிய தெரியும்.

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன்:
அண்ணன் சொன்ன 30 சதவீதம், அரை மணி நேரம், மாதம் ஒருமுறை என்பதுதான் அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு அமைப்பான என்.எஃப்.பி.ஏ. அவசர மின்சாரத்துக்கு வகுத்த 110 என்ற விதியிலும் இருக்கிறது. பேட்டரி சார்ஜரையும் பாருங்கள். இபியில் ஓடும் அந்தச் சின்னப் பெட்டியின் ஃபியூஸ் போனால் யாரும் கவனிப்பதில்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். இபி மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் நல்ல லோடில் செட்டை ஓட்டிப் பார்க்கலாம்.

வேதாரண்யம்:
2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அரை மணி நேரம் ஓடுவதும் நாள் முழுக்க ஓடுவதும் வேறு. பல செட்டுகளுக்கு 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றணும். நிறுத்தாமல் ஓடினால் பத்தே நாளில் அது வந்துவிடும். உங்கள் செட் நல்ல லோடில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும். அக்டோபருக்குள் ஆயில், ஃபில்டர், ஃபேன் பெல்ட் ஒரு செட் வாங்கி ஸ்டோரில் போடுங்கள். புயல் வந்தபின் கடை திறந்திருக்காது.

டெல்டா மேனேஜர்:
இழுத்து இழுத்துத்தான் நின்றது. பாட்டிலில் பிடித்தேன், இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே அந்தப் படலமும் இருக்கிறது. ஃபில்டரை மாற்றினால் போதுமா?

திருச்சி டீசல் மெக்கானிக்:
போதாது. டேங்கைக் காலி பண்ணி, அடி வண்டலைச் சுத்தமா துடைச்சு எடுங்க. இல்லேன்னா புது ஃபில்டரும் சீக்கிரமே அடைக்கும். மாத்தினதும் டீசல் லைன்ல புகுந்த காத்தை வெளிய எடுக்கணும், தெரிஞ்ச ஆளை வெச்சு செய்ங்க. பிசுக்கு போகணும்னு எடுத்ததும் முழு லோடு ஏத்தாதீங்க, சைலன்சர்ல படிஞ்சது தீப்பிடிக்கும். 30ல ஆரம்பிச்சு, படிப்படியா 70, 80 சதவீதம் வரை ஏத்தி, சில மணி நேரம் பக்கத்துல ஆள் நின்னு ஓட்டணும். தீயணைக்கும் சிலிண்டர் கையில இருக்கட்டும். அதுக்கப்புறமும் பிசுக்கு வழிஞ்சா இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.