ஈர நெல்லும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

மன்னார்குடி பக்கம், கணக்கு ஆசிரியர்

பொதுத்தேர்வைச் சுலபமாக்க வேண்டும், செய்முறையைக் கூட்ட வேண்டும் என்று பேச்சு ஓடுகிறது. அதையொட்டி, போன தை மாதம் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதற்கப்புறம் உங்கள் அனுபவத்தையும் கேட்க வேண்டும்.

சம்பா அறுப்பும் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வும் எங்கள் பக்கம் ஒரே நேரத்தில்தான் வரும். பள்ளிக்கு வரும் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். பிள்ளைகள் சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டு வருவார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டேன் என்பார்கள். அதனால் சாயங்காலம் பனி இறங்குவதற்குள் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, காலையில் வெயில் ஏறியதும் மறுபடி பரப்ப வேண்டும். இதற்கு வீட்டில் ஆள் வேண்டுமே. எங்கள் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருக்கும் பையன் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். கழுத்தெல்லாம் நெல்லுச் சுணை பட்டுச் சொறிந்த தடம்.

அன்றைக்கு எனக்குப் பாடம் ஓடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் போர்டில் எழுதினேன்: 22 சதவீத ஈரமுள்ள நெல் ஒரு மூட்டை, அதாவது 40 கிலோ. காயவைத்து 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எத்தனை கிலோ நிற்கும்?

தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கும் பெண் ஒருத்தி அரை நிமிடத்தில் கை தூக்கினாள். "38 கிலோ சார்." இருபத்திரண்டில் பதினேழு போனால் ஐந்து. நாற்பதில் ஐந்து சதவீதம் இரண்டு. ஏழெட்டுப் பேர் அதையே சொன்னார்கள். அவன் மட்டும் தலையாட்டிக்கொண்டே இருந்தான். என்னடா என்றேன்.

"ரெண்டு கிலோ இல்ல சார். ரெண்டரைக்குக் கிட்ட போயிடும். போன வருஷம் பத்து மூட்டை காயவச்சோம். அரை மூட்டைதான் குறையும்னு அப்பா சொன்னாரு. எடை போட்டா அதுக்கு மேலயும் நாலு கிலோ போயிருந்துச்சு."

சரி என்று எல்லாருமாகச் செய்து பார்த்தோம். 40 கிலோவில் 22 சதவீதம் என்றால் தண்ணீர் 8.8 கிலோ. மீதி 31.2 கிலோ. எவ்வளவு காய்ந்தாலும் அந்த 31.2 குறையாது. காய்ந்த பிறகு அதுதான் மொத்த எடையில் 83 சதவீதம். வகுத்தால் 37.6 கிலோ வருகிறது. ஆக ஒரு மூட்டைக்குக் குறைவது 2.4 கிலோ, பத்து மூட்டைக்கு 24. அவன் அப்பா தராசில் பார்த்த அதே கணக்கு. அந்தப் பெண் தன் நோட்டில் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது பப்ளிக்ல வருமா?" என்று கேட்டாள். வராதும்மா என்றேன். அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

தேர்வைச் சுலபமாக்குங்கள், நடைமுறைக்கு ஏற்றதாக்குங்கள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். அந்த ஈர நெல் கணக்கு சுலபமா? வகுப்பின் முதல் மாணவியே அதில் தடுக்கினாள். இப்போதைய கணக்குத் தாளில் வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16 மதிப்பெண் பயிற்சியிலேயே வந்துவிடும். அதோடு புத்தகத்தின் பின்னால் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள், மாதிரி மாறாத சில இரண்டு மதிப்பெண் கணக்குகள். தேர்ச்சிக்கு வேண்டிய 35-க்கு வழி போட்டுக் கொடுத்துவிடுகிறோம். 'அளவு காரணி 7/3' என்று போட்டால் அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு வடிவொத்த முக்கோணம் வரைவான். எதற்கு வரைகிறான் என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லித் தரவில்லை, நேரம் இல்லை. மனப்பாடம் செய்யத் தெரிந்தவனுக்கு இந்தத் தேர்வு ஏற்கெனவே சுலபம்தான். யோசிக்க வைக்கும் கேள்வி வேண்டும் என்கிறேன். அது கஷ்டமாகவே இருக்கட்டும், அவன் வாழ்க்கையிலிருந்து வரட்டும்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

சாரின் கணக்கை என் பேரனிடம் கொடுத்தேன். அவனும் 38 என்றான்.

ஆனால் 'செய்முறையைக் கூட்டுங்கள்' என்கிறவர்களிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளிகளுக்குப் புறத்தேர்வராகப் பல வருடம் போயிருக்கிறேன். எந்த மேசையில் எந்த சால்ட்டைச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது முதல் நாளே பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்த பள்ளியைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறையில் 15 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் என் காலத்தில் 25-க்குக் குறைத்துப் போட்ட பட்டியலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. பெர்மாங்கனேட் டைட்ரேஷன், அதாவது நிறம் மாறும் வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை. மற்றவர்கள் எல்லாம் ரெக்கார்டு நோட்டில் இருந்த ரீடிங்கை எழுதிவிட்டுச் சும்மா நின்றார்கள். அவள் மட்டும் ப்யூரெட் என்ற அளவுக் குழாயின் திருகை இரண்டு விரலால் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக விட்டு, குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்து அந்த இளஞ்சிவப்பு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். 19.6 மில்லி வந்தது. பக்கத்து மேசைகளில் எல்லாம் 20. என்னை ஒரு பார்வை பார்த்தாள், ரப்பரை எடுத்தாள். "ஏம்மா அழிக்கிறே?" என்றேன். "எல்லாருக்கும் 20 சார், நான்தான் தப்பா விட்டுட்டேன்" என்றாள். பார்த்ததை எழுதும்மா, அதுக்குத்தான் மார்க்கு என்று சொல்லி அழிக்க விடவில்லை. மொத்த ஆய்வகத்திலும் அன்று வேதியியல் செய்தது அவள் ஒருத்திதான். அவளுக்கும் முழு மதிப்பெண், தொடாதவனுக்கும் முழு மதிப்பெண். இப்படியே இருக்கிற செய்முறையை 25-லிருந்து 50 ஆக்கினால் யாருக்கு என்ன லாபம்?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம், இப்போது வங்கி வேலை

இரண்டு ஐயாக்களும் சொன்னதைப் படித்தேன். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் பத்தாவது எழுதிய முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் நடவு, அறுப்புக் கூலி. நான் படித்த பள்ளியில் ஆய்வகத்துக்குப் போனால் எங்கள் தெருப் பிள்ளைகள் கடைசி மேசைக்குத்தான் போக வேண்டும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் அப்படித்தான். பீக்கர் உடைந்தால் முதலில் எங்களைத்தான் பார்ப்பார்கள். உள்மதிப்பெண் ஆசிரியர் கையில் இருந்தது. யாருக்கு எவ்வளவு என்று எங்களுக்கு முன்னாலேயே தெரியும்.

பொதுத்தேர்வு வேறு. விடைத்தாள் திருத்துகிறவருக்கு என் பெயர் தெரியாது, என் ஊர் தெரியாது, என் தெரு தெரியாது. என் கையெழுத்தும் என் விடையும் மட்டும்தான் அவர் முன்னால் இருந்தன. பள்ளியில் என்னை ஒன்றுமில்லை என்று நினைத்தவர்கள் எல்லாரும் என் மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு நாள் வாயடைத்து நின்றார்கள். என் அப்பா அந்தப் பட்டியலை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார்.

அதனால் எழுத்துத் தேர்வின் எடையைக் குறைத்து, பள்ளிக்குள்ளேயே மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வேதாரண்யம், இரண்டு பிள்ளைகளின் அம்மா

எனக்கு இவ்வளவு விவரமாகப் பேச வராது. என் மூத்த மகளுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். அவள் அப்போது பத்தாவது. ஓடு பறந்து, மழையில் புத்தகமெல்லாம் ஊறிப் பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டது. தாள் தாளாகப் பிரித்து அடுப்பு மேட்டில் காயவைத்தோம். கரண்ட் வர நாளானது. தென்னை அத்தனையும் சாய்ந்து கிடந்தது, அவள் அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். அந்த மார்ச்சில் தமிழ்நாடு முழுக்க எழுதிய அதே தாளைத்தான் அவளும் எழுதினாள். 500-க்கு 318.

அதோடு போகவில்லை. 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தாகி, பழைய மதிப்பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டார்கள். பத்தாவதிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, உள்மதிப்பீட்டிலிருந்து 30. புயல் வருஷத்து மதிப்பெண் அவள் பிளஸ் டூவில் பாதியாக வந்து உட்கார்ந்தது. பத்தாவதில் அதிகம் எடுத்த மூன்று பாடத்தின் சராசரிதான் எடுத்தார்கள், ஆனாலும் அவளுக்கு அதுவே குறைவு. நடுவில் இரண்டு வருஷம் அவள் எப்படிப் படித்தாள் என்று எனக்குத் தெரியும்.

கேள்வியைச் சுலபமாக்கச் சொல்லவில்லை. ஒரு மார்ச் மாதத்தை வைத்து ஒரு பிள்ளையை முடிவு பண்ண வேண்டாம் என்கிறேன். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-இல் எடுத்துவிட்டார்கள், சின்னவனுக்கு ஒரு பாரம் குறைந்தது. அது எனக்கு நிம்மதி.

மன்னார்குடி பக்கம், கணக்கு ஆசிரியர்

திருத்துறைப்பூண்டிச் சகோதரி எழுதியதை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். எனக்கு அது தோன்றாமல் போனது தப்பு. முகம் தெரியாமல் திருத்தப்படும் தாள் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதை, அது தேவைப்படாத வீட்டில் பிறந்தவன் நான், யோசித்ததில்லை.

அதனால் என் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறேன். நான் கேட்பது அந்த எழுத்துத் தாளுக்குள்ளேயே வரட்டும். ஈர நெல் கணக்கை ஐந்து மதிப்பெண் வினாவாக அச்சடிக்க ஆய்வகமும் வேண்டாம், உள்மதிப்பெண்ணும் வேண்டாம். பள்ளி ஆசிரியர் தயவும் வேண்டாம். செய்முறை இருக்கிற பாடங்களில் ஐயா சொன்ன மாதிரி, தான் பார்த்த 19.6-ஐ எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் போகட்டும். வேதாரண்யத்து அம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை. ஜூலைத் துணைத்தேர்வு தோற்றவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும் மட்டும் என்று இருக்கிறது. நன்றாகப் படித்தும் அந்த வருஷம் இடிந்துபோன பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்தப் பையன் கணக்கில் 41 எடுத்தான். பிளஸ் ஒன்னில் வேளாண் தொழிற்பாடப் பிரிவில் சேர்ந்திருக்கிறான்.

இந்த வருஷம் வாரம் ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி போடுகிறேன். போன வாரம் பள்ளி மைதானத்தைக் கயிறு பிடித்து அளந்தோம். எங்கள் பக்கத்து நில அளவில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மைதானம் எத்தனை மா, ஏக்கரில் எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். மூன்று குழுவுக்கு மூன்று விடை வந்தது, ஒரு மணி நேரம் சண்டை. கயிற்றைத் தொய்வாகப் பிடித்த குழுவைக் கண்டுபிடித்த பிறகுதான் ஓய்ந்தார்கள்.

உங்கள் ஊரில் இப்படி என்ன கணக்கு ஓடுகிறதோ எழுதி அனுப்புங்கள். வேதாரண்யத்து அம்மா, உங்கள் பக்கம் உப்பளத்தில் ஒரு பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் விட்டால் எவ்வளவு உப்பு வாருகிறார்கள், எத்தனை நாளில் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேண்டும்.